வழி தவறிய பத்துப் பேர்

2014 ஆகஸ்ட் 4, திங்கள்

பதினோரு நாள் கழித்து இன்று காலை குழாயில் தண்ணீர் வந்தது. குன்னூரில் மழை பெய்வதற்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஐந்தரை மணிக்கு மோட்டார் போட்டு மேல்தொட்டி, கீழ்த்தொட்டி, இரண்டு டிரம், மனைவி ரெஜினாவின் பெரிய அண்டா எல்லாவற்றையும் நிரப்பினோம். ஒரு பட்டாலியனுக்கே தண்ணீர் ஏற்பாடு செய்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை.

தபாலில் நல்ல செய்தி. என் பழைய பட்டாலியனுக்கு இந்த டிசம்பரில் ஐம்பது வயது நிறைகிறது. பொன்விழாவுக்கு என்னுடைய 'கிணற்றுமேடு: ஓர் இழப்பில்லா வெற்றி' நூலை பட்டாலியனே இரண்டாம் பதிப்பாக, கெட்டி அட்டையில், தங்க எழுத்துப் போட்டு வெளியிடப் போகிறதாம். இப்போதைய கமாண்டிங் ஆபீசர் கர்னல் சஹாய் எழுதியிருக்கிறார். டிசம்பர் 15 விழா மேடையில் நான்தான் பேச வேண்டும். அக்டோபர் கடைசிக்குள் புரூஃப் திருத்தி அனுப்ப வேண்டும்.

மாலையில் நூலாசிரியர் குறிப்பைப் புதுப்பித்தேன். 'லெப்டினன்ட் கர்னல் ஞானசிகாமணி (ஓய்வு). இருபத்தாறு ஆண்டுகள் காலாட்படை அதிகாரி, இருபது ஆண்டுகளாக ராணுவ வரலாற்றாசிரியர். 1971 போரில் காப்டனாக இருந்தபோது கிணற்றுமேட்டுத் தாக்குதலுக்கு வழிகாட்டியவர். பட்டாலியனின் போர்க்குறிப்பேட்டை எழுதியவர். பின்னர் அதே தாக்குதலின் வரலாற்றையும் எழுதியவர்.'

ரெஜினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "வழியும் நீங்களே காட்டி, பரீட்சையும் நீங்களே எழுதி, மார்க்கும் நீங்களே போட்டுக்கிட்டீங்க" என்றாள். முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு வரலாறு புரியாது.

ஆகஸ்ட் 6, புதன்

முதல் பதிப்பை எடுத்து மறுபடி படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நான் வரலாற்றாசிரியன் ஆனதற்கு ராணுவத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் என் பெயரை அச்சடிக்க மறந்துவிட்டார்கள். நான்காவது முறைக்குக் காத்திருக்காமல் வெளியே வந்து பேனாவைப் பிடித்தேன். வரலாறு நல்ல துறை. எதிரி திருப்பிச் சுடுவதில்லை.

ஏழாம் அத்தியாயம்தான் நூலின் உயிர். பாலைவனம், நிலா இல்லாத இரவு. எல்லைக்கு அப்பால் 6,400 காலடி தூரத்தில் ஒரு மணல்மேடு. வரைபடத்தில் 167 என்று எண் போட்டிருந்தது. அதன் உச்சிக்குக் கீழே செங்கல் கட்டிய ஒரு கிணறு. அந்த வட்டாரத்தில் அந்த ஒரு கிணறுதான், ஆகவே அதைப் பிடித்தவனுக்குத்தான் அந்த வட்டாரம். நான் திசைகாட்டியோடு முன்னால் நடந்தேன், பட்டாலியன் என் பின்னால் வந்தது. அதிகாலை நான்கு மணிக்கு மேட்டின் மேல் ஏறினோம். எதிரி எங்களைக் கண்டதும் கிணற்றை அடையாளம் தெரியாமல் தூர்த்துவிட்டு ஓடிவிட்டான். எங்கள் பக்கம் ஒரு உயிர்கூடப் போகவில்லை. இளம் அதிகாரிகளுக்கு இதை இன்றும் பாடமாக நடத்துகிறார்கள்.

ஆபீசர்கள் மெஸ்ஸில் வெள்ளியில் செய்த கிணற்றுமேடு ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. தட்டான் அதில் அழகாக ஒரு கிணறு வைத்துக் கொண்டுவந்தான். வரலாற்றுத் துல்லியம் வேண்டும் என்று நான்தான் அதை மூடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு இன்லண்ட் கடிதம். குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகும் ஊர் அது. எழுதியவன் கன்னியப்பன், முன்னாள் நாயக்.

'கர்னல் ஐயா அவர்களுக்கு வணக்கம். உங்கள் இங்கிலீஷ் புத்தகத்தை என் பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். 112-ஆம் பக்கத்தில், எதிரி கிணற்றைத் தூர்த்துவிட்டு ஓடினான் என்று இருக்கிறது. ஐயா, அன்று காலை அந்தக் கிணற்றில் நான் தண்ணீர் இறைத்தேன். வாளியும் கயிறும்கூட இருந்தது. மறு பதிப்பு வருவதாகக் கேள்விப்பட்டேன். திருத்தவும்.'

ஆளை நினைவிருக்கிறது. அவனைப் பற்றி என் நூலில் ஒரு வாக்கியம் உண்டு: 'இடப்பக்கக் காவலுக்குச் சென்ற பத்துப் பேர் கொண்ட செக்‌ஷன் ஒன்று, களைப்பினாலும் திசைக் குழப்பத்தினாலும் வழி தவறி, மறுநாள் முற்பகல் வந்து சேர்ந்தது.' அந்த செக்‌ஷனுக்குத் தலைவன் கன்னியப்பன். போர்முனையில் வழி தவறியதற்காக அவனுடைய பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது. சிவப்பு மை ஏறினால் அதற்கு மேல் பதவி உயர்வு கிடையாது. நாயக்காக இருந்தவன் நாயக்காகவே வீட்டுக்குப் போனான்.

வருத்தம்தான். ஆனால் வழி தவறியவன் எந்தக் கிணற்றில் வேண்டுமானாலும் தண்ணீர் இறைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பதில் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். வரலாறு என்பது ஞாபகம் அல்ல, ஆவணம் வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அந்த வட்டாரத்தில் ஒரு கிணறுதான் என்று நானே என் நூலில் எழுதியிருப்பது தபாலில் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 6, சனி

ஆவணம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சணல் கயிறு, நெடுக முடிச்சுகள்.

இருட்டில் நடக்கும்போது தூரத்தைக் காலடியால்தான் அளப்போம். நூறு காலடிக்கு ஒரு அடையாளம் வேண்டும். சிலர் கயிற்றில் முடிச்சுப் போடுவார்கள். சிலர் கூழாங்கற்களை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவார்கள். நான் கூழாங்கல் கட்சி.

கடிதத்தில் இரண்டே வரி. 'ஐயா, அன்று ராத்திரி நான் போட்ட முடிச்சு. எண்ணிப் பார்க்கவும்.'

எண்ணினேன். அறுபத்து நான்கு. வயதானால் கண் ஏமாற்றும் என்று மறுபடி எண்ணினேன். ரெஜினா பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வந்து எண்ணினாள்.

"அறுபத்து நாலு. நூறால பெருக்கினா ஆறாயிரத்து நானூறு. உங்க புத்தகத்துல இருக்கற அதே தூரம். இந்த ஆளு எங்க வழி தவறினாரு?"

கயிற்றை யாரும் எப்போது வேண்டுமானாலும் முடியலாம் என்றேன்.

"நாப்பத்து மூணு வருஷ அழுக்க யாரும் நேத்து பூச முடியாது" என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆலயத்தில் பிரசங்கம் நீளம். கவனம் போகவில்லை.

என் பையில் இருந்தவையும் அறுபத்து நான்கு கற்கள்தான். நடுவழியில் எங்கள் கமாண்டிங் ஆபீசர், சி.ஓ., அருகே வந்து "எவ்வளவு தூரம், ஞானி?" என்று கிசுகிசுத்தார். அவர் பெரிய மனிதர், அவசரக்காரர். பதில் சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோது பைக்குள் கை விட்டுக் கற்களைத் தடவிப் பார்த்தேன். ஐம்பத்து மூன்றா அறுபத்து மூன்றா என்று ஒரு சின்னச் சந்தேகம். குளிரில் விரல் மரத்திருந்தது. சி.ஓ. பக்கத்தில் நிற்கும்போது காப்டனுக்குச் சந்தேகம் வரக் கூடாது. "வந்துவிட்டோம், சார்" என்றேன். எதிரே ஒரு மேடும் இருந்தது.

இது நூலில் இல்லை. ஒரு வரலாற்றாசிரியன் தன் கால்சட்டைப் பையை அடிக்குறிப்பில் காட்ட முடியாது.

செப்டம்பர் 15, திங்கள்

தண்ணீர் வரும் நாள். வரவில்லை.

மகள் வாங்கிக் கொடுத்த டேப்லட்டில் ரெஜினா வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாள் திருநெல்வேலியில் அவள் பிறந்த வீட்டு மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று என் நூலின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லைக்கு அப்பால் போய்விட்டாள்.

"இங்க பாருங்க. ஒன்னில்ல, ரெண்டு மேடு. முன்னால ஒன்னு மொட்டையா இருக்கு. அதைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர்ல இன்னொன்னு. அதுலதான் வட்டமா ஏதோ தெரியுது, பக்கத்துல ஆட்டுப்பட்டி."

பாலைவனத்தைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். மணல் நகரும், மேடுகள் இடம் மாறும், நாற்பது வருடம் சாதாரண காலம் இல்லை என்றேன்.

"மணல் நகரும், சரி. கிணறு நகருமா?"

ஆயிரம் காலடி என்பது ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை, அவள் ஏற்கெனவே பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரவு முழுக்கத் தூங்கினேன் என்று எழுத ஆசை.

அன்று விடியும் நேரத்தில், நாங்கள் பிடித்த மேட்டுக்கு முன்னால், தூரத்தில், சுடும் சத்தம் கேட்டது. இருபது நிமிடம் இருக்கும். 'பின்வாங்கும் எதிரியின் வெற்று வேட்டு' என்று 114-ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இதையெல்லாம் சரிபார்க்க என்னுடைய சொந்த நாட்குறிப்பு இருந்திருந்தால் நன்றாக இருக்கும். 1971-ஆம் ஆண்டுக் குறிப்பைக் கரையான் அரித்துவிட்டது என்று முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறேன். இதை ரெஜினாவிடம் சொன்னபோது, "கரையானா? அது பச்சை டிரங்குப் பெட்டியிலதான இருக்கு. போன வருஷம் அந்துருண்டை போட்டேனே" என்றாள்.

செப்டம்பர் 18, வியாழன்

பச்சைப் பெட்டியின் சாவி கிடைக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கிடைத்தது. என் சாவிக்கொத்திலேயே இருந்திருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

இதற்கு மேல் சமாளித்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்றைய குறிப்பை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன். இருபத்தாறு வயதுக் காப்டனின் கையெழுத்து இன்றைக்கு எனக்கு இருப்பதைவிட அழகாக இருக்கிறது.

'டிச. 15. காலை 4.10 மேட்டில் ஏறினோம். யாரும் இல்லை. பதுங்குகுழிகூட இல்லை. கிணறு இல்லை. சி.ஓ. உடனே ரேடியோவில் வெற்றி என்று சொல்லிவிட்டார். பகல் 11 மணி. ஆட்களுக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது, லாரி வரவில்லை. அப்போது கன்னியப்பன் செக்‌ஷன் வந்தது. சிப்பாய் முனிரத்தினத்தைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். மார்பில் குண்டு. வரும் வழியில் உயிர் போயிருந்தது. மேட்டைப் பிடித்துவிட்டதாகவும், பட்டாலியனைத்தான் காணவில்லை என்றும் கன்னியப்பன் சொல்கிறான். சி.ஓ.விடம் சொன்னேன். "ரேடியோவில் சொல்லியாகிவிட்டது, ஞானி" என்றார். வந்தவர்கள் எல்லோருடைய பாட்டிலிலும் தண்ணீர் நிறைந்திருந்தது. கன்னியப்பன் எனக்குக் கொடுத்தான். குடித்தேன். சில்லென்று, கொஞ்சம் உப்பாக இருந்தது.'

இரண்டு நாளில் போர் நின்றது. பிடித்த நிலத்தைப் பின்னால் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எந்த மேடு என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. போர் நின்று மூன்று வாரம் கழித்து, ஒரே இருப்பில் உட்கார்ந்து, போர்க்குறிப்பேட்டை நான் எழுதினேன். 'களைப்பு, திசைக் குழப்பம்' என் சொற்கள். முனிரத்தினத்துக்கு 'வழி தவறியபோது நேர்ந்த மரணம்' என்று எழுதியதும் நான்தான். இழப்பில்லா வெற்றியில் அவனுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரெஜினா படித்துவிட்டு, நோட்டைப் பச்சைப் பெட்டிக்குள் வைக்காமல் என் மேசைமேல் வைத்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

கன்னியப்பனைப் பார்க்கப் போனேன். மேட்டுப்பாளையம் வரை பஸ், அங்கிருந்து காட்பாடிக்கு ரயில், பிறகு இரண்டு டவுன் பஸ். ஊர் முனையில் பளிங்கு போட்ட நினைவுக்கல். முதல் உலகப் போரிலிருந்து போரில் இறந்த ஊர்க்காரர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. 1971-க்குக் கீழே மூன்று பெயர். முனிரத்தினம் இல்லை.

டீக்கடையில் வழி கேட்டபோது "தெசை கன்னியப்பன் வூடா?" என்றார்கள். திசை தெரியாதவன் என்று ஊர் வைத்த பட்டம். முன்னாள் பட்டாளத்தார் நிறைந்த ஊரில் சிவப்பு மையை மறைத்து வாழ முடியாது போலிருக்கிறது.

எழுபத்திரண்டு வயது. முதுகு இன்னும் நேராக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டது அவர் மனைவி.

"கயிறு கெடச்சுதா சார்?" என்றார்.

"கிடைத்தது. எண்ணினேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அதான் கயித்த அனுப்பிச்சேன். நீங்க அங்க நின்னுட்டது எனக்கு இன்னா தெரியும்? ரேடியோ பேசக்கூடாதுன்னு ஆர்டர். நான் பாட்டுக்கு எண்ணிகினே போயிட்டேன். மேடு வந்துச்சு, கெணறு வந்துச்சு, அவனுங்களும் இருந்தானுங்க. பதினஞ்சு பேரு. பட்டாலியன் பின்னால வருதுன்னு நெனச்சுதான் சார் ஏறனோம். நாங்க பத்து பேருதான்னு தெரிஞ்சிருந்தா நானே ஏறியிருக்க மாட்டேன்."

சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவருடைய பதிவேட்டிலிருந்து சிவப்பு மையை நீக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். கையை ஆட்டி மறுத்தார்.

"அது இருந்துட்டுப் போவட்டும் சார். பொண்ணுங்கள கட்டிக் குடுத்தாச்சு, இனிமே எனக்கு ஹவில்தார் ஆயி இன்னா ஆவப்போவுது? முனிரத்தினம் பேரு கல்லுல வரணும். பட்டாளத்தார் சங்கத்துல கேட்டா, 'வழி தவறிச் செத்தவன சண்டையில செத்தவங்களோட சேக்க முடியாது, பேப்பர் கொண்டா'ன்றாங்க. அவன் தங்கச்சி இந்த ஊர்லதான் கீது. கல்லு வெச்ச நாள்லேர்ந்து அந்தத் தெருவுல நடக்கறதே இல்ல. சுத்திகினு போவும்."

புரூஃப் என் கையில்தான் இருக்கிறது, அத்தனையும் திருத்தி வரும் என்றேன். கிளம்ப எழுந்தபோதுதான் அதைச் சொன்னார். கோபமே இல்லாமல், பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் மனசுல நின்னுபோச்சு சார். அன்னிக்கு அவ்ளோ தாகத்துல என் பாட்டில வாங்கி முழுசா குடிச்சீங்க. ஏண்டா கன்னியப்பா, இந்தத் தண்ணி எங்கேர்ந்து கொண்டாந்தேன்னு ஒரு வார்த்த கேக்கல."

அக்டோபர் 12, ஞாயிறு

புரூஃப் திருத்துகிறேன். சிவப்பு மைப் பேனா. அச்சகத்தார் வழக்கம் அது.

அக்டோபர் 19, ஞாயிறு

ஏழாம் அத்தியாயத்தில் இரண்டு 'ஆனால்' தவிர எதுவும் மிஞ்சவில்லை. புதிதாகப் பதினெட்டுப் பக்கம் எழுதி ஒட்டினேன். பத்துப் பேருடைய பெயர்களையும் கன்னியப்பனிடம் போனில் கேட்டு எழுதினேன். தலைப்பில் 'இழப்பில்லா' என்பதை அடித்தேன். பிறகு பார்த்தால் 'வெற்றி'யும் உறுத்தியது. அதையும் அடித்தேன். தூர்க்கப்பட்ட கிணற்றைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கத்தை அடிக்கும்போது கொஞ்சம் வலித்தது. நன்றாக எழுதப்பட்ட பக்கங்கள் அவை.

ரெஜினா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "முதல்முறையா உங்க புத்தகத்துல கணக்கு சரியா வருது" என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

கூரியரில் அனுப்பினேன். திரும்பி வரும் வழியில் சந்தையில் கேரட் வாங்கினேன். மனம் லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அறுபத்தொன்பது வயதில் ஒருவன் நம்புகிறான்.

நவம்பர் 12, புதன்

கர்னல் சஹாய் போன் செய்தார். பேச்சில் நெய் வடிகிறது.

"அற்புதமான நேர்மை, சார். படித்துவிட்டு எனக்குப் பேச்சே வரவில்லை."

வந்தது. இருபது நிமிடம் பேசினார். கிணற்றுமேடு பட்டாலியனின் ஆன்மா. பயிற்சி மைதானத்துக்கு அந்தப் பெயர். மெஸ்ஸில் வெள்ளி மேடு. ஜெனரல் விழாவுக்கு வருகிறார். போர்க்குறிப்பேடு அதிகாரபூர்வ ஆவணம், அதற்கு எதிராக ஒரு சணல் கயிற்றை எப்படி வைப்பது?

"அந்தக் குறிப்பேட்டை எழுதியவனே நான்தானே" என்றேன்.

"அதனால்தான் சார் அதன்மேல் எங்களுக்கு இவ்வளவு மரியாதை" என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

கடிதம் வந்தது. முக்கியமான பகுதியை மொழிபெயர்த்து வைக்கிறேன்.

'நூலாசிரியரின் முதிய வயதையும், நீண்ட உழைப்பினால் ஏற்பட்ட களைப்பையும், அதனால் இயல்பாக நேரக்கூடிய நினைவுக் குழப்பத்தையும் கருத்தில் கொண்டு, நூல் முதல் பதிப்பில் உள்ளபடியே மாற்றமின்றி வெளியிடப்படும். பயணச் சிரமத்தைத் தவிர்க்கும் பொருட்டு, விழாவில் அவருக்குப் பதிலாக இளம் மேஜர் ஒருவர் ஏழாம் அத்தியாயத்தை வாசிப்பார்.'

களைப்பு. குழப்பம். இரண்டு சொல்லையும் எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் நான் கோத்து வைத்தவை. பட்டாலியன் பத்திரமாக வைத்திருந்து எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது.

முதலில் கோபம் வந்தது. எவ்வளவு நேரம் கோபப்பட்டேன் என்று பார்த்தால் ஒரு மணி நேரம்கூட இல்லை. கன்னியப்பன் நாற்பத்து மூன்று வருடம் எப்படித் தாங்கினார்?

நவம்பர் 26, புதன்

கோர்ட் வாசலில் முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, கன்னியப்பன் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான் எழுதியவற்றில் மிகச் சிறியது, அடிக்குறிப்பு இல்லாத ஒரே வரலாறு.

'1971 டிசம்பர் 15 அதிகாலை, சிப்பாய் முனிரத்தினம் 167-ஆம் மேட்டைத் தாக்கிப் பிடித்தபோது மார்பில் குண்டு பாய்ந்து இறந்தார். நாயக் கன்னியப்பன் தலைமையில் அந்த மேட்டைப் பிடித்தவர்கள் பத்துப் பேர். அவர்கள் வழி தவறவில்லை. வழி தவறியது பட்டாலியன். வழிகாட்டியவன் நான்.'

நோட்டரி படித்துவிட்டு, "சார், இது உங்களுக்கு எதிரா இருக்கே, தெரிஞ்சுதான் போடுறீங்களா?" என்று கேட்டார்.

தெரிந்துதான் என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

சங்கத்திலிருந்து கார்டு. 'அதிகாரியின் பேப்பர் ஏற்றுக்கொள்ளப்பட்டது.' ரெஜினா அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். என் பாராட்டுப் பத்திரங்களுக்கு அந்தக் கதவில் இடம் கிடைத்ததே இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

இந்த நேரம் பட்டாலியனில் பேண்டு வாசித்து முடிந்திருக்கும். மேஜர் என் பழைய வாக்கியங்களை ஏற்ற இறக்கத்தோடு வாசித்திருப்பார். ஜெனரல் கைதட்டியிருப்பார். தங்க எழுத்துப் புத்தகம் இனி எல்லா நூலகத்துக்கும் போகும். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை.

நாங்கள் கன்னியப்பனின் ஊரில் இருக்கிறோம். ரெஜினாவும் வந்தாள். காலை பத்து மணிக்குக் கல்லின் மேல் இருந்த துணியை முனிரத்தினத்தின் தங்கை எடுத்தார். அறுபது வயது இருக்கும். எழுத்து படிக்கத் தெரியாது போல. கன்னியப்பனின் பேத்தி எந்த வரி என்று காட்ட, அந்த ஒரு வரியை விரலால் தடவிக்கொண்டே நின்றார். பிறகு நேரே பார்த்து, அந்தத் தெரு வழியாகவே வீட்டுக்குப் போனார்.

கூட்டம் கலைந்ததும் கன்னியப்பனிடம் பட்டாலியன் கடிதத்தைக் காட்டினேன். பேத்தி அதைத் தமிழில் சொன்னாள். 'களைப்பு, குழப்பம்' வந்ததும் மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"உங்களுக்கும் போட்டுட்டானுங்களா சார்! பத்து பேரோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நீங்க பதினொண்ணு. வாங்க சார், நம்ம செக்‌ஷன்ல சேந்துக்குங்க."

நானும் சிரித்தேன். ராணுவத்தில் எனக்குக் கிடைத்த கடைசி நியமனம் இதுதான், இதற்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை.

வெயில் ஏறியிருந்தது. அவர் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினேன்.

"இந்தத் தண்ணி எங்கேயிருந்து கொண்டு வந்தீங்க, கன்னியப்பன்?" என்று கேட்டேன்.

அவர் வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் இருந்த கிணற்றைக் கை நீட்டிக் காட்டினார். போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து குடித்தேன்.